சுடுதண்ணிக்குப் புள்ளி

ஜனவரி 5, சனி

என் மனைவி ரஞ்சிதமலர் வீட்டை விட்டுப் போய் இன்றோடு இருபத்தாறு நாள். ‘விட்டுப் போய்’ என்று எழுதியது சரியில்லை. தற்காலிகமாக வேறிடத்தில் தங்கியிருக்கிறாள். பழைய மாணவர் சங்கத்தின் செயலாளராகப் பதினொரு வருடம் கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். சொற்களில் கவனமாக இருப்பேன்.

மத்தியானம் ஒட்டாவாவிலிருந்து மகள் மயூரி அழைத்தாள்.

“அப்பா, அம்மா உங்களைச் சந்திக்க ஓம் எண்டுட்டா.”

“நல்லது. எப்ப வாறாவாம்? வரேக்கை அரிசி வாங்கிக்கொண்டு வரச் சொல்லு.”

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

“வீட்டை வரேல்லை அப்பா. கடையிலைதான் சந்திப்பாவாம். பெப்ரவரி பதினாறு, மத்தியானம். ஷாபு ஷாபு கடை, இல்லாட்டி ஹொட் பொட் கடை. எந்தக் கடை எண்டு நீங்கள்தான் தேடிப் பிடிக்கோணும். நல்ல கடையா இருக்கோணுமாம்.”

“அதென்ன ஷாம்பு?”

“ஷாபு, அப்பா. ஷாபு ஷாபு.”

“சாப்பாட்டுக்குப் பெயரோ, உடுப்புத் தோய்க்கிற சத்தமோ?”

அவள் சிரிக்கவில்லை. தாயின் பிள்ளை.

பின்னேரம் கணினியில் தேடிப் பார்த்தேன். மேசையில் அடுப்பு. அடுப்பில் கொதிக்கும் தண்ணீர். பச்சை இறைச்சியும் கீரையும் காளானும் கொண்டுவந்து வைப்பார்களாம். நாமே அவித்துத் தின்ன வேண்டுமாம். ஜப்பான்காரர் அதை ஷாபு ஷாபு என்கிறார்கள், சீனர்கள் ஹொட் பொட் என்கிறார்கள். நாங்கள் அதைச் சுடுதண்ணி என்போம். முப்பத்திரண்டு வருடத்தில் என்னிடம் எதுவும் கேட்காத மனுசி கடைசியில் கேட்டது இதுதான்.

கேட்டதைத் திறமாகச் செய்து காட்டுவேன். எல்லாக் கடைக்கும் போய்ப் பத்துக்குப் புள்ளி போடப்போகிறேன்.

ஜனவரி 6, ஞாயிறு

சோறு கஞ்சியாகிவிட்டது. குக்கர் பழுதுபோல.

ஜனவரி 9, புதன்

முதலாவது கடை. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் இரண்டாம் மாடி. வாசலில் நின்ற பெட்டை எத்தனை பேர் என்று கேட்டாள். ஒரு விரலைக் காட்டினேன். அவள் முகத்தில் வந்த இரக்கத்தை என் தாயாரின் செத்தவீட்டில்கூட யாரும் எனக்குக் காட்டவில்லை.

நான்கு பேருக்கான மேசையில் என்னை இருத்திவிட்டு உள்ளே போனவள், ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்தில் ஒரு பஞ்சுக் கரடியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு எதிர்க் கதிரையில் இருத்தினாள். தனியாக வருகிறவர்களுக்குத் துணையாம். கரடிக்கு முன்னாலும் ஒரு கோப்பையும் இரண்டு குச்சிகளும் வைத்தாள். பக்கத்து மேசைக் குடும்பம் என்னைப் பார்த்துத் தலையசைத்தது. நானும் அசைத்தேன். கரடி அசைக்கவில்லை.

மெனு ஒரு கணினிப் பலகையில் இருந்தது. அமத்தியது வேலை செய்யவில்லை என்று நினைத்து எட்டுத் தடவை அமத்தினேன். எட்டுத் தட்டுத் தாமரைக்கிழங்கு வந்தது.

முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு மெல்லிய குரலில் கரடிக்கு எங்கள் சங்கத்தின் யாப்பு விதிகளில் ஏழாவது திருத்தத்தை விளக்கினேன். அது இடைமறிக்கவில்லை. பாதியில் எழும்பிக் குசினிக்குப் போகவில்லை. கொட்டாவி விடவில்லை. நல்ல துணை. ஒரே குறை, இறைச்சியை எப்போது வெளியே எடுப்பதென்று எனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. செருப்புத் தோல் பதத்துக்கு வந்தபின் எடுத்தேன்.

சுடுதண்ணி 4. துணை 8.

ஜனவரி 12, சனி

இனித் தனியாகப் போவதில்லை. நவரத்தினராசாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நவம் என்னோடு எட்டாம் வகுப்பிலிருந்து படித்தவன். சங்கத்தின் அடுத்த டின்னருக்குக் கடை பார்க்கிறேன் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். ரஞ்சிதம் ஒட்டாவாவில், மயூரிக்குப் பிள்ளை பிறந்ததால் உதவிக்குப் போயிருக்கிறாள் என்றும் சொல்லியிருக்கிறேன். மயூரிக்குப் பிள்ளை இல்லை. ஆனால் கலியாணமாகி மூன்று வருடம். எப்படியும் ஒருநாள் பிறக்கும்தானே. நான் கொஞ்சம் முன்கூட்டி அறிவித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்தக் கடை சீனாவின் உறைப்பான மாகாணத்தது. பானைக்கு நடுவில் தகடு வைத்துப் பிரித்திருந்தார்கள். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. வேலைக்காரப் பெடியன் எச்சரிக்கையாகச் சிவப்பைக் காட்டி ஏதோ சொன்னான்.

“தம்பி, நாங்கள் பச்சைமிளகாயைக் கடிச்சுக் கூழ் குடிச்ச ஆக்கள்,” என்று நவம் அவனுக்குத் தமிழில் பதில் சொன்னான். மூன்று துண்டு இறைச்சியைச் சிவப்பில் முக்கி எடுத்து ஒரே வாயில் போட்டான். நாலாவது நிமிடம் என் கையைப் பிடித்தான்.

“மச்சான், என்ர நாக்கு வாயுக்கை கிடக்கோ எண்டு ஒருக்காப் பார்.”

“கிடக்கு.”

“அசையுதோ?”

“இல்லை.”

“எனக்கு ஒண்டும் தெரியேல்லையடா. முகம் இருக்கோ?”

அது உறைப்பல்லவாம், மரத்துப்போக வைக்கும் ஒருவகை மிளகாம். நவம் ஒரு மணித்தியாலம் பேசவில்லை. ஐம்பத்துமூன்று வருட நட்பில் இதுதான் அமைதியான மணித்தியாலம். அந்த ஒரு காரணத்துக்காக 6.

ஆனால் ரஞ்சிதத்துக்கு உறைப்புப் பிடிக்குமா? பிடிக்கும். அல்லது எனக்குப் பிடிக்கும் என்பதால் போடுவாள். யோசிக்க வேண்டும். இன்றைக்கல்ல.

ஜனவரி 15, செவ்வாய்

தைப்பொங்கல். சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு நான்தான் நிகழ்ச்சித் தொகுப்பாளர். வழக்கம்போல மண்டபம் சிரித்தது.

தேநீர் நேரத்தில் நான்கு பேர் தனித்தனியாக வந்து டிசெம்பர் டின்னரில் நான் விட்ட பகிடியை நினைவுபடுத்திச் சிரித்தார்கள். அதை இங்கே பதிந்துவைப்பது பொருத்தம். அன்று மேடையில் அங்கத்தவர்களின் மனைவிமாரை அறிமுகப்படுத்தினேன். ஒருவர் டொக்டர், ஒருவர் கணக்காளர், ஒருவர் சட்டத்தரணி. கடைசியாக ரஞ்சிதம். அவள் விமானங்களுக்குச் சாண்ட்விச் செய்து அனுப்பும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். நான் சொன்னேன்: “எங்கட வீட்டிலையும் ஒரு இஞ்சினியர் இருக்கிறா. பாண் இஞ்சினியர். ஒரு துண்டுக்கு மேலை மற்றத் துண்டை வைக்கிறது எப்பிடி எண்டு இருபத்திரண்டு வருசமாப் படிக்கிறா. இன்னும் பாஸ் பண்ணேல்லை.”

இருநூற்றைம்பது பேர் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அவளும் எழும்பி நின்று கைகூப்பினாள். அப்போது கோபித்ததாகத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை, ஒரு சூட்கேசோடு வேலைக்குப் போனாள்.

ஒரு சின்னப் பகிடி.

தலைவரின் மனைவி பேரனுக்கென்று கையால் பின்னிய கம்பளித் தொப்பி ஒன்றைத் தந்தார். நீலம். பேரன் என்று நான் எப்போது சொன்னேன்? பேத்தி என்றல்லவா நவத்துக்குச் சொன்னதாக நினைவு. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 19, சனி

மூன்றாவது கடை. எவ்வளவும் சாப்பிடலாம், ஆனால் மிச்சம் வைத்தால் நிறுத்துப் பார்த்து அபராதம் என்று சுவரில் நான்கு மொழியில் எழுதியிருந்தார்கள். நவம் எவ்வளவும் என்ற சொல்லை மட்டும் படித்தான். ஒன்றரை மணித்தியாலத்தின் பின் எங்கள் மேசையில் முப்பத்தொரு மீன் உருண்டை அவித்தபடி கிடந்தது. நான் பதினான்கைத் தின்றேன். மிச்சத்தை நவம் என் கோட்டுப் பொக்கற்றில் கிடந்த பேரனின் தொப்பிக்குள் போட்டுக் கோட்டுக்குள் ஒளித்தான். வெளியே மைனஸ் பதினெட்டு. கார் வரை போவதற்குள் தொப்பியும் உருண்டைகளும் ஒரே கட்டியாகிவிட்டன.

3. தொப்பியைச் சுடுதண்ணியில் ஊறப்போட்டிருக்கிறேன்.

ஜனவரி 20, ஞாயிறு

தொப்பியையும் என் வெள்ளைச் சேட்டுகளையும் ஒன்றாகத் தோய்த்தேன். இப்போது எல்லாமே பேரனின் நிறம்.

ஜனவரி 26, சனி

இன்று தனியாகத்தான் போனேன். நவத்துக்கு வயிறு இன்னும் சரியில்லை.

மார்க்கம் நகரில் ஒரு சின்ன ஷாபு ஷாபு கடை. கண் வைத்தியருக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில் ஒடுங்கியிருந்தது. பதினெட்டுக் கதிரைதான். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பானை. மற்றவர் பானைக்குள் யாரும் குச்சி விடத் தேவையில்லை. கடைக்காரி ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஜப்பானியப் பெண். கரடி இல்லை. வந்தவர் ஏன் தனியாக வந்தார் என்று அவள் முகம் கேட்கவில்லை.

மாடு வேண்டாம் என்றேன். பன்றியும் கோழியும் வந்தன. அந்தப் பன்றித் துண்டுக்குப் பின்னால் பத்திரிகையைப் பிடித்தால் தலைப்புச் செய்தியை வாசிக்கலாம், அவ்வளவு மெல்லிசு. தண்ணீருக்குள் ஒரு துண்டு கடற்பாசி மட்டும். உப்பில்லை, தூளில்லை, தாளிதமில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று இந்தக் குறிப்பேட்டில் எழுதுவதற்கு வசனம் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

துண்டைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரி ஓடிவந்தாள். “விடக் கூடாது. பிடித்துக்கொள்ளுங்கள்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குச்சியால் துண்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் அலசிக் காட்டினாள். தண்ணீர் சளப் சளப் என்றது. அந்தச் சத்தம்தான் பெயராம். அப்படியானால் உடுப்புத் தோய்க்கிற சத்தம் என்று நான் சொன்னது முக்கால்வாசி சரி. மயூரிக்கு அறிவிக்க வேண்டும்.

“நிறம் மாறுகிறது, பார்த்தீர்களா? இப்போது எடுங்கள். வேறு எங்கும் பார்த்துக்கொண்டிருந்தால் கெட்டுவிடும்.”

எள்ளுச் சாந்தில் தோய்த்து வாயில் வைத்தேன்.

நான் வசனத்தை எழுதவில்லை. பதினொரு துண்டு சாப்பிட்டேன், ஒவ்வொன்றையும் நானே பிடித்து, நானே பார்த்து, நானே எடுத்து. வெளியே வந்து காருக்குள் இருந்தபோதுதான் உறைத்தது. அறுபத்தாறு வயதில் நான் சமைத்துச் சாப்பிட்ட முதலாவது உருப்படியான சாப்பாடு இது.

9. ஒரு புள்ளியைக் கதிரையின் கடினத்துக்காகக் குறைத்தேன்.

பெப்ரவரி 2, சனி

மயூரியிடம் கடை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். விலாசம் கேட்டாள், கொடுத்தேன்.

“எத்தினை கடை பாத்தனீங்கள்?”

“நாலு.”

“நீங்களோ? அம்மாவுக்காகவோ?”

“பின்னை ஆருக்காக? கோபம் தணிஞ்சு வரட்டும். வந்தால் சரிதானே.”

“அப்பா, அம்மாவுக்கு ஏன் கோபம் எண்டு உங்களுக்கு விளங்கீட்டுதோ?”

“அந்தப் பகிடிதானே. சனம் சிரிக்கிறதுக்குச் சொன்னது.”

“நீங்கள் நாலு வருசம் வேலையில்லாமல் இருக்கேக்கை அம்மா ரெண்டு ஷிப்ட் செய்தவ. எனக்கு அப்ப ஏழு வயசு. இரவிலை அவவின்ர கையிலை இருந்து வெங்காய மணம் போகாது. அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டுதான் நான் நித்திரை கொள்ளுறனான்.”

அந்த நான்கு வருடத்தைப் பற்றி மற்றவர்களுக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவன் கிடைத்த வேலையில் எல்லாம் குதித்துவிட முடியாது. எனக்குத் தகுந்த உத்தியோகம் வரும்வரை வீட்டில் பொறுமையாகக் காத்திருந்தேன். பொறுமை எல்லோருக்கும் வராது.

இதை எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். வெட்டவில்லை. நடந்தது நடந்ததுதான்.

பெப்ரவரி 5, செவ்வாய்

பனி கொட்டியது. வாசலை வழித்தேன். முதுகு.

பெப்ரவரி 9, சனி

மார்க்கம் கடைக்குத் திரும்பவும் போய், பதினாறாம் தேதி பன்னிரண்டரைக்கு இரண்டு பேருக்கு மேசை சொன்னேன். மனைவியோடு வருகிறேன் என்றேன். கடைக்காரி மகிழ்ச்சியோடு கொப்பியை எடுத்தாள்.

“உங்கள் மனைவிக்கு என்ன விருப்பம்? முன்கூட்டியே எடுத்து வைக்கிறேன்.”

“எதையும் சாப்பிடுவா.”

“எல்லோருக்கும் ஏதாவது ஒன்று கூடுதலாகப் பிடிக்கும்,” என்றாள். பேனாவைக் கொப்பியின் மேல் பிடித்தபடி நின்றாள்.

நான் யோசித்தேன். ரஞ்சிதம் எனக்குப் போட்டுத் தந்துவிட்டுப் பிறகு சாப்பிடுவாள். அந்த நேரம் நான் செய்தி பார்ப்பேன். அவள் கோப்பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்த ஞாபகம் இல்லை. அவளுடைய இரத்தவகை தெரியும். ஓய்வூதிய இலக்கம் தெரியும்.

“காளான்,” என்றேன். வாயில் வந்தது.

கடைக்காரி எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மயூரிக்கு அழைத்துக் கேட்டேன். அம்மாவுக்குக் காளான் ஒத்துக்கொள்ளாது, உடம்பு கடிக்கும் என்றாள். கடைக்குத் திரும்ப அழைத்துக் காளானை வெட்டச் சொன்னேன். அதற்குப் பதிலாக என்ன என்று கடைக்காரி மறுபடி கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். ஆங்கிலத்தில் அது சின்ன வசனம்தான். சொல்ல நேரம் எடுத்தது.

பெப்ரவரி 16, சனி

எழுத வேண்டும். விட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

பன்னிரண்டு மணிக்கே போய் இருந்தேன். கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. ரஞ்சிதம் தலைமயிரைத் தோளோடு வெட்டியிருந்தாள். நன்றாக இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள்.

“ரெண்டு பேருக்கெண்டுதான் மேசை சொன்னனான்,” என்றேன்.

“நாலு பேர்,” என்றாள். “இது வின்னி, இது லூர்டெஸ். என்னோடை லைனிலை நிக்கிறவை.”

வின்னி ஹொங்கொங்காரி, மெலிந்தவள், கண்ணாடி. லூர்டெஸ் பிலிப்பைன்ஸ்காரி, பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. ரஞ்சிதம் இப்போது தங்கியிருப்பது வின்னி வீட்டின் மேல்மாடி அறையில் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைக்காரி இன்னொரு மேசையை இழுத்துச் சேர்த்தாள். நான்கு பானை வந்தது.

பழக்கதோஷத்தில் நான் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பானை கொதித்தது. யாரும் எனக்கு எதுவும் போடவில்லை. ரஞ்சிதம் தன் பானையில் முட்டைக்கோவா இலையும் தோஃபுவும் போட்டாள். எள்ளுச் சாந்துக்குள் உள்ளியும் வெங்காயத் தாளும் தானே கணக்குப் பார்த்துக் கலந்தாள். குச்சிகளை விரல்போல் பிடித்தாள். எனக்கு இரண்டு வாரம் பயிற்சி எடுத்தும் வராத பிடி.

“உமக்கு உது எப்பிடித் தெரியும்?”

“வியாழக்கிழமைகளிலை வேலையாலை போறனாங்கள். ஹொட் பொட், ஷாபு ஷாபு, ரெண்டும். பதினொரு வருசமா.”

“எனக்குச் சொல்லேல்லையே.”

“சொன்னனான். நீங்கள் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தனீங்கள்.”

நான் நான்கு கடை ஏறி இறங்கி, மரத்த நாக்கையும் மீன் உருண்டையையும் தாண்டிக் கண்டுபிடித்த விஷயத்தில் அவள் பேராசிரியை. எதற்காக என்னைத் தேட வைத்தாள் என்று கேட்டேன்.

“நீங்கள் எனக்காக ஒண்டைத் தேடி அலைஞ்சால் எப்பிடி இருக்கும் எண்டு பாக்க ஆசைப்பட்டன். அலைஞ்சிருக்கிறியள். நல்ல கடை.”

அவள் குரலில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

லூர்டெஸ் தன் குச்சியைக் கீழே வைத்தாள். ஆங்கிலத்தில் மிகப் பணிவாகக் கேட்டாள். “மிஸ்டர் குலசேகரம், உங்கள் டின்னரில் ஒரு ஜோக் சொன்னீர்களாம். ரஞ்சி எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். எங்களுக்கு விளங்கவில்லை. நீங்களே சொல்ல முடியுமா?”

ரஞ்சிதத்தைப் பார்த்தேன். அவள் கோவா இலையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். வேறு வழியில்லை. இஞ்சினியர். பாண் இஞ்சினியர். ஒரு துண்டுக்கு மேல் இன்னொரு துண்டு. இருபத்திரண்டு வருடம். இன்னும் பாஸ் பண்ணவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. வின்னி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஆனால் அது உண்மைதானே,” என்றாள். “ஒரு துண்டுக்கு மேல் ஒரு துண்டுதான் வைக்கிறோம். நிமிடத்துக்குப் பன்னிரண்டு. இதில் ஜோக் எது?”

“இல்லை, இஞ்சினியர் என்று சொன்னதில்தான்...”

“ரஞ்சி இஞ்சினியர் இல்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்தானே?”

“தெரியும். அதனால்தான் சிரிப்பு.”

“பாஸ் பண்ணவில்லை என்றால்? அவள் லைன் லீடர். புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்குகிறவள் அவள். என்னைப் பழக்கியதும் அவள்தான்.”

ரஞ்சிதம் லைன் லீடர் என்பது எனக்குத் தெரியாது.

“அப்படியானால் ஏன் சிரித்தார்கள்?” என்று லூர்டெஸ் கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல் முன்னால் சாய்ந்து கேட்டாள். இருநூற்றைம்பது பேரைச் சிரிக்க வைத்தவன் நான். இரண்டு பேருக்கு விளக்க முடியவில்லை. என் பானையில் நான் போட்ட துண்டு விறைத்துச் சுருண்டுகொண்டிருந்தது.

“அது சின்ன வேலை,” என்றேன். “சின்ன வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதனால் சிரித்தார்கள்.”

“எல்லோருமா?” என்றாள் வின்னி.

கடைக்காரி தண்ணீர் ஊற்ற வந்தவள் மேசையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

“நான்,” என்றேன். “நான் நினைத்தேன்.”

லூர்டெஸ் தலையை ஆட்டினாள். “இப்போது விளங்குகிறது,” என்றாள். நன்றி சொன்னாள். கையை நீட்டி என் பானையிலிருந்த சுருண்ட துண்டை எடுத்துப் பக்கத்துக் கோப்பையில் போட்டுவிட்டு, தன் சாப்பாட்டைத் தொடர்ந்தாள். பிறகு அவர்கள் மூவரும் லைனில் வந்து சேர்ந்த புதுப் பெடியனைப் பற்றியும், சீஸ் வெட்டும் இயந்திரத்தைப் பற்றியும் கதைத்தார்கள். ரஞ்சிதம் ஏதோ சொன்னாள். மற்ற இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவள் பகிடி சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாது. அதில் யாரும் அடிபடவில்லை. இயந்திரம் மட்டும்தான்.

வெளியே கார்த் தரிப்பிடத்தில் மற்ற இருவரும் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாங்கள் பனிக்குள் நின்றோம்.

“மன்னிச்சுக்கொள்ளும், ரஞ்சி,” என்றேன்.

“ம்.” கையுறையைப் போட்டுக்கொண்டாள். “கேட்டது நல்லது. முதலே கேட்டிருந்தால் இன்னும் நல்லது.”

“எப்ப வீட்டை வாறீர்?”

“நான் வரேல்லை.”

“இன்னும் கோபமோ?”

“இல்லை. கோபமா இருந்திருந்தால் வந்திருப்பன். முப்பத்திரண்டு வருசமும் கோபத்தோடைதான் இருந்தனான். இப்ப நிம்மதியா இருக்கு. வேலையாலை வந்து கதிரையிலை இருந்து சாப்பிடுறன். எனக்கு அது காணும்.”

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. மூன்று பகிடி வரிசையாக வந்து நின்றது. ஒன்றையும் சொல்லவில்லை. அவள் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

“மயூரியிட்டைக் கேட்டனீங்களாம், எனக்கு என்ன பிடிக்கும் எண்டு,” என்றாள். “கோவா. நல்லா அவியாத கோவா.” பிறகு காருக்குள் ஏறினாள்.

கார் தெருமுனையில் திரும்பும்வரை நின்றேன். பிறகும் நின்றேன். கால் விறைத்தபின் போனேன்.

இன்றைக்குப் புள்ளி போடவில்லை.

பெப்ரவரி 17, ஞாயிறு

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

பெப்ரவரி 18, திங்கள்

இன்று விடுமுறை நாள். நவம் கோப்பிக் கடைக்கு வரச் சொன்னான். வயிறு சுகமாகி மினுமினுப்பாக இருந்தான். மண்டபத்துக்கு முற்பணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறதாம்.

“என்னடாப்பா, டின்னருக்கு அந்த ஷாபுக் கடையைப் போடுவமோ? தலைவர் கேட்கிறார்.”

“அது சங்கத்துக்குத் தேடின கடையில்லை, நவம்.”

“பின்னை?”

“ரஞ்சி என்னை விட்டிட்டுப் போட்டா. ரெண்டு மாசமாச்சு. ஒட்டாவாவிலை இல்லை, இஞ்சைதான் வின்னி எண்ட ஒருத்தி வீட்டிலை இருக்கிறா. மயூரிக்குப் பிள்ளையும் பிறக்கேல்லை. டின்னரிலை நான் அவவைப் பற்றி மேடையிலை சொன்னதுக்காகப் போனவ. அவவோடை கதைக்கத்தான் கடை தேடினனான். கதைச்சன். அவ திரும்பி வரமாட்டா.”

நவம் கோப்பையை மேசையில் வைத்தான். அவன் முகம் மெல்ல மலரத் தொடங்கியது. கன்னம் இரண்டும் உப்பியது. என் பகிடிகளின் கடைசி வரி வரும்வரை சிரிப்பை அடக்கி வைத்திருந்து, வந்தவுடன் மேசையில் ஓங்கி அடிப்பது அவன் வழக்கம். கையைக்கூட உயர்த்திவிட்டான்.

“சரி,” என்றான். “பிறகு?”

“பிறகு ஒண்டும் இல்லை.”

கையை இறக்காமல் அவன் இன்னும் காத்துக்கொண்டிருந்தான்.